வலி குறைந்த நாளில் என்ன செய்வது? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களுக்கும் முடக்குவாதம் என்கிற மூட்டு நோய் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்த பிறகுதான் இதை எழுதலாம் என்று தோன்றியது. எனக்கு வயது 39. நெல்லிக்குப்பத்தில் இருக்கிறோம். தனியார் பள்ளியில் ஆசிரியை. போன வருடம்தான் முடக்குவாதம் என்று கண்டுபிடித்தார்கள், மாமியார் சரவாங்கி என்கிறார். மெத்தோட்ரெக்சேட், எச்.சி.க்யூ. (ஹைட்ராக்சிகுளோரோகுயின்) இரண்டும் சாப்பிடுகிறேன். காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்களை மடக்கவே முடியாது, பத்து மணிக்கு மேல் ஆளே மாறிவிடுவேன். அதனால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. "பார்த்தா நல்லாத்தானே இருக்கே" என்கிறார்கள். வலி இல்லாத நாளில் விட்டுப்போன வேலையெல்லாம் முடித்துவிடுவேன், அப்புறம் இரண்டு மூன்று நாள் படுக்கைதான். வீட்டு வேலையை எப்படிச் சமாளிப்பது? வைத்தியத்துக்குப் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா? மாற்றுத்திறனாளி அட்டை வாங்கு என்கிறார் கூட வேலை செய்யும் ஆசிரியை, எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கடைசியாக ஒன்று, ஃபெஞ்சல் புயலில் கரண்ட் இல்லாமல் மாமியாரின் இன்சுலினை வைத்துக்கொண்டு தவித்தோம். அதற்கு ஏதாவது வழி உண்டா? பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் கேட்ட நான்கையும் விட, போகிற போக்கில் சொன்ன ஒரு வரியைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறேன். வலி இல்லாத நாளில் விட்டுப்போன வேலையை எல்லாம் முடிப்பது. நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறோம், உடம்பு கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் போதும், பரணை இறக்கித் துடைப்பது, போர்வை அலசுவது, ஒரு வாரத்துக்கு மாவு அரைப்பது என்று பழைய பாக்கியை வசூலிக்க இறங்கிவிடுவோம். அந்த நாளை இனிமேல் வேறு காரியத்துக்கு ஒதுக்குங்கள். வலிக்கும் நாளில் உங்களுக்குக் கஷ்டம் தருகிற ஒரே ஒரு பொருளை, ஒரே ஒரு ஏற்பாட்டை, வலிக்காத நாளில் மாற்றுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று போதும். பரணில் தூசி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

குழாயிலிருந்து ஆரம்பியுங்கள். விரலால் பிடித்துத் திருகுகிற குழாய்தான் காலை நேரத்தில் முதல் எதிரி. கைப்பிடியைப் பக்கவாட்டில் தள்ளினால் திறக்கிற மாதிரி குழாய் எல்லா ஹார்டுவேர் கடையிலும் இருக்கிறது, முழங்கையாலேயே திறக்கலாம், பிளம்பருக்கு அரை மணி நேர வேலை. உருண்டைக் குமிழ் வைத்த கதவு இருந்தால் அதையும் இப்படி மாற்றிவிடலாம். குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், காதுள்ள மக். வாளியைத் தூக்கவே தூக்காதீர்கள், குழாய்க்கு அடியிலேயே இருக்கட்டும்.

அடுப்படியில் ஒரு பொது விதி உண்டு. விரல் நுனியால் கிள்ளுகிற, திருகுகிற, பிழிகிற வேலைகள்தான் மூட்டைக் கெடுக்கும். உள்ளங்கை, முன்கை, தோள் என்று பெரிய மூட்டுக்கு வேலை போகப் போக நல்லது. அதனால் பையை விரலில் தொங்கவிடாமல் தோளில் மாட்டுங்கள். பாத்திரத்தை இரண்டு உள்ளங்கையையும் அடியில் கொடுத்துத் தூக்குங்கள். புளியைக் கையால் பிசையாமல் வெந்நீரில் ஊறப்போட்டு மத்தால் கடைந்துவிடுங்கள். தேங்காயைத் துருவாமல் பத்தையாகக் கீறி மிக்ஸியில் போடுங்கள், அந்தக் கீறுகிற வேலையை வேறு யாராவது செய்யட்டும். சாதம் வடிக்கிறீர்களா? முழுப் பானையின் கனமும் மணிக்கட்டில் இறங்குகிற வேலை அது. குக்கருக்கு மாறுங்கள், இல்லை, வடித்த சாதம்தான் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடிப்பவர் யாரோ அவரே வடிக்கட்டும். (எங்கள் வீட்டில் இந்தச் சட்டம் வந்த பிறகு குக்கர் சாதம் எல்லோருக்கும் பிடித்துப்போய்விட்டது.)

கத்தியை விட அருவாமனை மேல் என்பது என் கட்சி. கத்தியை இறுக்கிப் பிடிக்க வேண்டும், அருவாமனையில் இரண்டு கையாலும் தள்ளினால் போதும். தரையில் உட்கார முடியாவிட்டால் பலகையில் பொருத்தி மேடையில் வைக்கிற மாதிரி மடக்கு அருவாமனை கிடைக்கிறது, ஆடாமல் நிற்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். கத்திதான் பழக்கம் என்றால் பிடியைச் சுற்றித் துணியோ பழைய சைக்கிள் டியூபோ சுற்றித் தடிமனாக்குங்கள். கரண்டிக்கும், நீங்கள் வகுப்பில் திருத்துகிற சிவப்புப் பேனாவுக்கும் இதே வைத்தியம். நெத்திலி ஆய்வதை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள். கட்டைவிரலுக்கு அதைவிடக் கொடுமை கிடையாது. கடலூர்க்காரியாகிய நான் இதைச் சொல்ல மனசு கேட்கவில்லைதான், ஆனால் வெட்டிக் கொடுக்கிற பெரிய மீனே போதும். மாவு கடையில் வாங்குங்கள், அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

புடவைக்கு மடிப்பு வைத்துப் பின் குத்துவது காலையில் தண்டனை. பள்ளிக்குக் கட்டுகிற இரண்டு மூன்று புடவைகளை டெய்லரிடம் கொடுத்து மடிப்பைத் தைத்து, இடுப்பில் ஒட்டும் பட்டை வைத்து வாங்கிவிடுங்கள். வெளியே தெரியாது.

மருந்து விஷயம் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். மெத்தோட்ரெக்சேட் முடக்குவாதத்துக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிடுகிற மாத்திரை. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து, தவறுதலாக அப்படி ஆனவர்கள் நிறையப் பேர். கிழமையை மருத்துவச் சீட்டிலும் காலண்டரிலும் பெரிதாக எழுதுங்கள், தினசரி மாத்திரைப் பெட்டியில் அதைப் போடவே போடாதீர்கள், தனி டப்பா. கூடவே ஃபோலிக் ஆசிட் எழுதியிருப்பார்கள், அதை எந்த நாளில் என்று டாக்டர் சொன்னபடியே. இரத்தப் பரிசோதனையும் கல்லீரல் பரிசோதனையும் சொன்ன தேதியில் எடுத்துவிட வேண்டும், உடம்பு நன்றாக இருக்கிறதே என்று தள்ளிப்போடக் கூடாது. கர்ப்பத்தில் இந்த மருந்து கூடவே கூடாது, அப்படி யோசனை இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் பேசுங்கள். எச்.சி.க்யூ. சாப்பிடுகிறவர்கள் ஆரம்பத்தில் ஒரு முறை விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடா வருடம். அரவிந்த் கண் மருத்துவமனை தவளக்குப்பத்தில் கடலூர் - புதுச்சேரி சாலையிலேயே இருக்கிறது, புதுச்சேரி போகிற நாளோடு சேர்த்து முடிக்கலாம். கடையில் மாத்திரை அட்டையை வெட்டித் தரும்போது காலாவதித் தேதி இருக்கிற துண்டை உங்களிடம் தரச் சொல்லுங்கள்.

மாமியாரோ பக்கத்து வீட்டம்மாவோ, ஓர் ஊரில் பொட்டலம் தருகிறார்கள், மூன்று நாளில் வலி பறந்துவிடும் என்பார்கள். பறக்கும். அப்படிச் சட்டென்று பறக்க வைக்கிற பொட்டலங்களில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது, எலும்பு தேயும், சர்க்கரை ஏறும், திடீரென்று நிறுத்தினால் இன்னொரு ஆபத்து. பிரண்டைத் துவையல் தாராளமாகச் சாப்பிடுங்கள், அது சாப்பாடு. லேபிள் இல்லாத பொடி வேண்டாம்.

ஜிப்மர் போகலாமா என்றால், போகலாம். மத்திய அரசு நிறுவனம், தமிழ்நாட்டு ரேஷன் கார்டோடு அங்கே காட்டிக்கொள்கிறவர்கள் எத்தனையோ பேர். கோரிமேட்டில் இறங்கி நேரே எலும்புப் பிரிவுக்குப் போய் வரிசையில் நின்றுவிடாதீர்கள், நம் நோயைப் பார்ப்பது க்ளினிக்கல் இம்யூனாலஜி பிரிவு. முதலில் எங்கே பதிவு செய்ய வேண்டும், எந்தக் கிழமை என்பதை இப்போது உங்களைப் பார்க்கிற டாக்டரிடமே கேட்டு, ஒரு பரிந்துரைச் சீட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே வாதநோய் மருத்துவர் ஒருவர் கிடைத்து, அவரிடம் தொடர்ந்து போக முடிகிறது என்றால் அதுவும் சரிதான். பெரிய ஆஸ்பத்திரியில் வருடத்துக்கு ஒரு முறை காட்டுவதைவிட, பக்கத்தில் விடாமல் காட்டுவது மேல் என்றே நினைக்கிறேன்.

ஜிப்மரில் உண்மையான சிக்கல் நேரம்தான். காலையிலேயே போய்ப் பதிய வேண்டும், விரல் மடங்காத நேரமும் அதே. நெல்லிக்குப்பத்திலிருந்து கடலூர், அங்கிருந்து புதுச்சேரி, அப்புறம் கோரிமேடு என்று பஸ் மாறி மாறிப் போய்ச் சேரும்போது கம்பியைப் பிடிக்கவே தெம்பு இருக்காது. வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் எழுந்து கையை வெந்நீரில் வைத்து மெல்ல மடக்கி நீட்டிவிட்டுக் கிளம்புங்கள், பஸ்ஸில் கம்பியை விரலால் பிடிக்காமல் முழங்கையை வளைத்து மாட்டிக்கொள்ளுங்கள், முதல் தடவை யாரையாவது கூட அழைத்துப் போங்கள். நீங்கள் டாக்டர் முன்னால் உட்காரும்போது மணி பதினொன்று ஆகியிருக்கும், வீக்கம் வடிந்திருக்கும், அவரும் "நல்லாத்தானே இருக்கு" என்று நினைக்கக்கூடும். இதற்கு ஒரே வழி, மோசமான காலைகளில் இரண்டு கையையும் போனில் படம் எடுத்து வைப்பது. தேதி தானாகவே பதிவாகிவிடும். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எத்தனை மணிக்கு விரல் மடங்கியது என்பதை மட்டும் ஒரு நோட்டில் குறியுங்கள். இறுக்கம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பது டாக்டருக்கு மிகவும் தேவையான தகவல், "ரொம்ப வலிக்குது சார்" என்பதை வைத்து அவரால் எதுவும் கணக்குப் போட முடியாது.

அந்தப் படங்களை வீட்டிலும் காட்டுங்கள். ஆனால் நோயைப் பற்றிப் பாடம் எடுத்துப் பயனில்லை, அது எனக்கு அனுபவம். "உதவி பண்ணுங்க" என்றால் யாருக்கும் புரியாது, "காலை எட்டு மணி வரை பாத்திரம் தூக்குற வேலை எதுவும் என்னால முடியாது, பால் காய்ச்சுறது நீங்க" என்றால் புரியும். பள்ளியிலும் அப்படியே கேளுங்கள். தரைத்தளத்தில் வகுப்பு, முதல் பீரியட் வேண்டாம், கரும்பலகையில் எழுத ஒரு பிள்ளை. தலைமையாசிரியையிடம் மூட்டு எப்படி வேலை செய்கிறது என்று விளக்காமல் இந்த மூன்றை மட்டும் கேட்டால் குறைந்தது இரண்டு கிடைக்கும்.

இப்போது அட்டை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது, முன்பு 1995 சட்டத்தில் ஏழுதான் இருந்தது. அந்த 21இல் முடக்குவாதம் என்ற பெயர் கிடையாது. மூட்டு நிரந்தரமாகக் கெட்டு, கை கால் இயக்கம் குறைந்தால் அது இயக்கக் குறைபாடு என்ற வகையில் வரும், எத்தனை சதவீதம் என்று அரசு மருத்துவக் குழு அளந்து எழுதும். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். உங்களுக்கு நோய் வந்து ஒரு வருடம்தான், மருந்து கேட்கிறது என்றால் இப்போது 40 வராமல் போகலாம். அது நல்ல சேதிதான், வருத்தப்படாதீர்கள். மூட்டு வளைந்துவிட்டது, பிடிமானம் நிரந்தரமாகப் போய்விட்டது என்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் கடலூர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள், மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்திலும் விண்ணப்பிக்கலாம். நாடு முழுக்கச் செல்லுகிற தனித்துவ அடையாள அட்டை வரும். ஆனால் மாதாந்தர உதவித்தொகை போன்றவை அந்தந்த மாநிலத்தின் கணக்கு, புதுச்சேரியில் கூடுதலாகத் தருகிறார்கள் என்று யாராவது சொன்னால் முகவரியை மாற்றுகிற யோசனையெல்லாம் வேண்டாம்.

தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு எப்படியும் டிக்கெட் இல்லை, அட்டை இருந்தால் உடன் வருகிற ஒருவருக்கும் இல்லை. துணை இல்லாமல் பயணம் செய்ய முடியாது என்று சான்று இருந்தால் ரயிலில் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசியில் இருவருக்கும் 75 சதவீதம் தள்ளுபடி. வருமான வரி கட்டுகிறவர்களுக்குப் பழைய வரி முறையில் 75,000 ரூபாய் கழிவு, 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000.

கூச்சத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரியச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை, பீரோவில் இருக்கட்டும், தேவைப்படும்போது எடுங்கள்.

கடைசியாகப் புயல். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூரைப் புரட்டிப்போட்ட பிறகு பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்ததும், அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் உங்களுக்கே தெரியும். நம் மாவட்டத்துக்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்றால் இதுதான். அக்டோபர் பிறந்ததும் ஒரு நல்ல நாளில் இருவருக்கும் ஒரு மாத மாத்திரைகளைக் கூடுதலாக வாங்கி, தண்ணீர் புகாத உறையில் மருந்துச் சீட்டின் நகலோடு உயரமான இடத்தில் வையுங்கள். சீட்டைப் போனிலும் படம் எடுங்கள். மாமியாரின் சர்க்கரை மாத்திரைகளுக்கு 2021இல் வந்த மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயர் இருக்கிறதா என்று சுகாதார நிலையத்தில் கேளுங்கள், வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள்.

இன்சுலின் நீங்கள் பயந்த அளவுக்கு உடனே கெட்டுவிடாது. திறந்து பயன்படுத்துகிற பாட்டில் பொதுவாக நான்கு வாரம் வரை அறை வெப்பத்தில் தாங்கும், 25 முதல் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும், வெயில் படக் கூடாது. சரியாக எத்தனை நாள், எத்தனை டிகிரி என்பது அந்தந்தப் பெட்டிக்குள் இருக்கிற தாளில் இருக்கும். கரண்ட் போனால் இரண்டு மண்பானை எடுத்து, பெரியதில் ஈர மணல் போட்டு, சின்னதை அதற்குள் இறக்கி, இன்சுலினை ஈரம் படாமல் கவரில் கட்டிச் சின்னப் பானைக்குள் வைத்து, ஈரத்துணியால் மூடிக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மணல் காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். மழை ஈரத்தில் இது வெயில் காலம் அளவுக்குக் குளிராது, ஆனால் அப்போது வெளியிலும் அவ்வளவு சூடு இருக்காது. ஐஸ் கட்டிக்குள் மட்டும் நேரடியாகப் புதைத்து வைக்காதீர்கள், ஒரு தடவை உறைந்துவிட்டால் அந்த இன்சுலினைத் தூக்கிப் போட வேண்டியதுதான், உருகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும்.

அன்புடன்,
அக்கா