பெரா எடுத்தாயிற்று, ஏ.எஸ்.எஸ்.ஆர் எதற்கு?

குடியாத்தத்திலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: “மகனுக்கு 10 மாதம். பெரா டெஸ்டில் 90 டெசிபெல் வரை பதில் இல்லை. டாக்டர் ஏ.எஸ்.எஸ்.ஆர் எடுக்கச் சொல்கிறார். காது மெஷின் கடைக்காரரோ அது வீண் செலவு என்கிறார். தலையில் ஒயர் ஒட்டுவதும் பயமாக இருக்கிறது. எடுக்கலாமா?”

எடுங்கள். பெரா, ஏ.எஸ்.எஸ்.ஆர் இரண்டுமே சத்தத்துக்கு நரம்பும் மூளையும் தரும் மின் பதிலை வைத்துக் குழந்தைக்கு எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கும் டெஸ்ட்கள். அந்த ஒயர்கள் மூளைக்குள் கரண்ட் எதையும் செலுத்துவதில்லை. அங்கிருந்து வருவதைப் பதிவு செய்கின்றன, அவ்வளவுதான்.

பெராவில் வழக்கமாகத் தரும் ‘க்ளிக்’ சத்தம் பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் (ஒலியின் சுருதி அளவு) வரையிலான பகுதியைப் பற்றித்தான் சொல்லும். ஏ.எஸ்.எஸ்.ஆரில் 500, 1000, 2000, 4000 என்று தனித்தனியாக, நொடிக்கு 80 முதல் 100 முறை ஏறி இறங்கும் ஒலியைத் தருவார்கள். அது கேட்டால் மூளையின் மின்னலையும் அதே தாளத்தில் துடிக்கும். துடிக்கிறதா என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். 90-க்கு மேலும் சத்தத்தைக் கூட்டிப் பார்க்கலாம். மெஷினில் எவ்வளவு சத்தம் வைப்பது என்பதற்கு இந்த விவரம் வேண்டும். இது இல்லாமல் மாட்டுவது குத்துமதிப்பு.

கடைக்காரருக்கு ஏன் அவசரம் என்று யோசியுங்கள். வேலூரில் பெரா பேப்பரோடு ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டினாலே ‘ஃப்ரீ டெஸ்ட்’ என்று பின்னால் வருகிறவர்கள் உண்டு. ஒரிஜினல் ரிப்போர்ட்டை எந்தக் கடையிலும் விட்டு வராதீர்கள். டெஸ்ட் எடுப்பவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் எழுந்து வந்துவிடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட, தகுதியுள்ள குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் (ஆபரேஷன் செய்து உள்காதில் வைக்கும் கருவி) உண்டு. அதை ‘வாங்கித் தருகிறேன்’ என்பவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

பிறந்தபோது பையனுக்குக் கடும் மஞ்சள்காமாலை இருந்ததா, இன்குபேட்டரில் வைத்தார்களா? நீங்கள் எழுதவில்லை. அப்படி இருந்த குழந்தைகளில் சிலருக்கு உள்காது வேலை செய்யும், ஆனால் நரம்பில் துடிப்புகள் ஒன்றுசேர்ந்து போகாது. இவர்களுக்குப் பெராவில் ஒன்றுமே வராது, ஏ.எஸ்.எஸ்.ஆர் காட்டும் எண்ணையும் நம்பி மெஷின் வைக்கக் கூடாது. ஆகவே உள்காது வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஓ.ஏ.இ டெஸ்டையும் கேட்டு வாங்குங்கள். அதில் பதில் இல்லை என்றாலும் விடாதீர்கள். ‘காக்ளியர் மைக்ரோஃபோனிக் பார்த்தீர்களா?’ என்று கேளுங்கள். அது சத்தத்துக்கு உள்காதே தரும் மின் பதில். இந்தப் பெயர்களைப் பேப்பரில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

குழந்தை நன்றாகத் தூங்க வேண்டும். பதிவாகும் அலை ஒரு மைக்ரோவோல்ட்டைவிட மிகச் சிறியது. பையன் சிணுங்கினாலே கழுத்துத் தசையின் மின்சாரம் அதை மூழ்கடித்துவிடும். காலையில் சீக்கிரம் எழுப்புங்கள், பஸ்ஸில் தூங்கவிடாதீர்கள். 9 மணிக்கு டோக்கன் கொடுத்து 2 மணிக்குக் கூப்பிட்டு, “முழிச்சிருக்கானே, அடுத்த மாசம் வாங்க” என்பார்கள். 6 மாதத்துக்குள் மெஷின் மாட்டியிருக்க வேண்டிய குழந்தைக்கு இன்னொரு மாதமாம்! தூங்கும் நேரத்தைச் சொல்லி முன்பே நேரம் வாங்குங்கள். தூக்க சிரப் கொடுப்பதாக இருந்தால் பால் எப்போது நிறுத்துவது என்று டாக்டரிடமே கேளுங்கள். சளி பிடித்திருந்தால் டெஸ்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.