சைவ விருந்துக்கு ஒயின்: லேபிள் சொல்வதும் சொல்லாததும்

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். அடுத்த மாதம் வீட்டில் பதினாறு பேருக்கு இரவு விருந்து, சாப்பாடு முழுக்க சைவம். சம்பந்தி வீட்டார் மீன், முட்டை எதுவும் தொடமாட்டார்கள். ஆனால் ஒயின் குடிப்பார்கள். மகளின் தோழி ஒருத்தி வீகன், அதாவது பால், முட்டை உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் தொடமாட்டாள். ஆன்லைன் கடையில் 12 பாட்டில் மிக்ஸ்டு கேஸாக (பலவகை கலந்த பெட்டியாக) வாங்கலாம் என்று நினைக்கிறேன். சில பாட்டில்களுக்கு ‘வெஜிடேரியன்’ என்று போட்டிருக்கிறார்கள், சிலதற்கு ‘வீகன்’, பலவற்றுக்கு ஒன்றுமே இல்லை. திராட்சைச் சாற்றில் அசைவம் எங்கிருந்து வருகிறது? எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் சம்பந்தி வீட்டாருக்கு ‘வெஜிடேரியன்’ என்ற குறி போதாது. ‘வீகன்’ என்று போட்டதை மட்டும் எடுங்கள். குறி இல்லாத பாட்டில் ஏதாவது பிடித்திருந்தால் கடைக்காரரிடம் எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகு வாங்குங்கள். பாட்டிலின் பின்பக்கத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் உங்களுக்கு வேண்டிய விவரம் பெரும்பாலும் அங்கே இருக்காது. ஏன் என்று பார்ப்போம்.

திராட்சையில் அசைவம் கிடையாது, ஒயின் நொதிப்பதிலும் கிடையாது. அது வருவது தெளிய வைக்கும் கட்டத்தில். நொதித்து முடிந்த ஒயின் கலங்கலாக இருக்கும். செத்த ஈஸ்ட், புரதத் துணுக்குகள், நாக்கைப் பிடிக்கும் டானின் எல்லாம் அதில் மிதக்கும். மாதக்கணக்கில் அசையாமல் விட்டால் பெரும்பகுதி தானாகவே அடியில் படிந்துவிடும். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதவர்களும், துவர்ப்பைக் கொஞ்சம் குறைக்க நினைப்பவர்களும் ஒரு பொருளைக் கலக்கிவிடுகிறார்கள். ஊரில் கலங்கல் தண்ணீர்ப் பானைக்குள் தேத்தாங்கொட்டையை உரசிவிடுவார்களே, அந்த வேலைதான். மிதப்பவை ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து, அடியில் இறங்கிவிடும். மேலே தெளிந்ததை வேறு தொட்டிக்கு மாற்றிக்கொள்வார்கள்.

அந்தப் பொருள் என்ன என்பதுதான் உங்கள் பிரச்சினை. பழைய வழக்கப்படி நான்கு. மாடு, பன்றி ஆகியவற்றின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின். மீனின் காற்றுப்பையைக் காயவைத்துச் செய்யும் ஐசிங்கிளாஸ். முட்டையின் வெள்ளைக்கரு. பாலிலிருந்து வரும் கேசின். நான்குமே புரதங்கள். ஒயினில் இவை நேர்மின்னூட்டம் பெற்று, எதிர்மின்னூட்டமுள்ள டானினைப் பற்றிக்கொள்கின்றன. ஜெலட்டினும் வெள்ளைக்கருவும் சிவப்பு ஒயினின் கரடுமுரடான துவர்ப்பைக் குறைக்கும். ஐசிங்கிளாஸ் வெள்ளை ஒயினைப் பளபளப்பாக்கும். வெள்ளை ஒயின் பழுப்பேறினால் கேசின் அதைச் சரிசெய்யும். ஒரு காலத்தில் மாட்டின் உலர்ந்த ரத்தத்தையும் பயன்படுத்தினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்போது அதற்குத் தடை.

இவற்றுக்கு மாற்று இல்லாமல் இல்லை. பெண்டோனைட் என்பது ஒருவகைக் களிமண். வெள்ளை ஒயினிலும் ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயினிலும் புரதக் கலங்கலை எடுக்க உலகம் முழுக்க அதைத்தான் போடுகிறார்கள். பட்டாணிப் புரதம், உருளைக்கிழங்குப் புரதம், கரித்தூள் ஆகியவையும் உண்டு. எதையுமே போடாமல் காலத்திடம் விட்டுவிடுபவர்களும் இருக்கிறார்கள்.

போட்ட பொருள் கசடோடு போய்விடுகிறதே, பாட்டிலில் எவ்வளவு மிஞ்சப்போகிறது என்று சிலர் கேட்பார்கள். மிகமிகச் சொற்பம்தான். ஆனால் மீனின் உறுப்பைப் போட்டுத் தெளிய வைத்ததைக் குடிப்பதா என்பது மில்லிகிராம் கணக்கில் தீர்கிற கேள்வி இல்லை. விருந்துக்கு அழைத்தவர் அதை விருந்தாளிக்காக முடிவு செய்யவும் கூடாது.

இப்போது லேபிளுக்கு வருவோம். எனக்கு இதில் கொஞ்சம் எரிச்சலே உண்டு. 2012 முதல் ஐரோப்பிய விதிப்படி, ஒயினைத் தெளிய வைக்கப் பாலோ முட்டையோ பயன்படுத்தி, அதன் எச்சம் லிட்டருக்கு 0.25 மில்லிகிராம் என்ற அளவில் சோதனையில் தெரிந்தால், லேபிளில் சொல்லியாக வேண்டும். பிரிட்டனிலும் பால், முட்டை அறிவிப்பு தொடர்கிறது. ஆனால் இது ஒவ்வாமைக்கான விதி, சைவத்துக்கானது அல்ல. மீனும் ஒவ்வாமைப் பட்டியலில் இருக்கிறது என்றாலும், பீரையும் ஒயினையும் தெளிய வைக்கும் ஐசிங்கிளாஸுக்கு அதே சட்டம் விலக்குக் கொடுத்துவிட்டது. மாட்டு ஜெலட்டினும் பன்றி ஜெலட்டினும் ஒவ்வாமைப் பட்டியலிலேயே இல்லை. ஆக, சைவர்கள் பலர் பொறுத்துக்கொள்ளக்கூடிய பாலை லேபிள் சொல்கிறது. யாருமே பொறுக்காத மீனையும் பன்றியையும் சொல்லாமல் விடுகிறது.

2023 டிசம்பர் 8-க்குப் பிறகு தயாரான ஒயின்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் உட்பொருள் பட்டியலைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பாட்டிலில் கியூஆர் கோடு பார்த்திருப்பீர்கள். அதை ஸ்கேன் செய்தால் விடை கிடைத்துவிடும் என்று நம்ப வேண்டாம். தெளிய வைக்கும் பொருள்கள் உட்பொருளாகக் கணக்கில் வராது, அவை ‘செயல்முறைத் துணைப்பொருள்’. ஒவ்வாமை தருபவற்றை மட்டும் சொன்னால் போதும் என்பதால் மறுபடியும் பாலும் முட்டையும்தான். இன்னொன்றையும் கவனியுங்கள்: முட்டை என்று போடவில்லை என்பதால் முட்டை சேரவில்லை என்று அர்த்தம் இல்லை. சேர்த்து, எச்சம் சோதனையில் தெரியாமல் இருந்தாலும் போட வேண்டியதில்லை.

இதனால்தான் தனியார் அமைப்புகளின் முத்திரைக்கு மதிப்பு. பிரிட்டனில் 1847-இல் தொடங்கிய வெஜிடேரியன் சொசைட்டியும் 1944-இல் தொடங்கிய வீகன் சொசைட்டியும் தத்தம் முத்திரைகளைத் தருகின்றன. ஐரோப்பா முழுக்க வி-லேபிள் என்ற முத்திரை இருக்கிறது. வெஜிடேரியன் முத்திரைக்கு, வெளியில் திரியவிட்ட (ஃப்ரீ ரேஞ்ச்) கோழியின் முட்டையாக இருந்தால் போதும், முட்டை தடையில்லை. ஆங்கிலேயர் கணக்கில் அது சைவம். உங்கள் சம்பந்தி வீட்டுக் கணக்கில் இல்லை. ‘வீகன்’ குறியில் முட்டையும் பாலும் சேர்ந்தே விலகிவிடும். பால் அவர்களுக்கு ஆகும் என்றாலும், அதற்கென்று தனிக் குறியைக் கடை பாட்டில்களில் பொதுவாகப் பார்க்க முடியாது. தோழிக்கும் இதுவே பொருந்தும் என்பதால் ஒரே விதியில் பெட்டி முழுவதும் அடங்கிவிடும்.

முட்டை விஷயம் வெறும் கற்பனை பயமல்ல. பிரான்ஸின் போர்தோவில் 225 லிட்டர் பீப்பாய்க்கு நான்கைந்து முட்டையின் வெள்ளைக்கரு என்பது பழைய முறை. ஸ்பெயினின் ரியோஹாவில் பொதேகாஸ் மூகா இன்றும் புதிதாக உடைத்த முட்டையைப் பயன்படுத்துவதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறது. அருமையான ஒயின்தான். உங்கள் பெட்டிக்கு மட்டும் வேண்டாம்.

விலை கூடினால் நம்பிக்கையும் கூடும் என்று நினைத்துவிடாதீர்கள். பல நேரங்களில் தலைகீழ். பெயர்பெற்ற பழைய தோட்டத்துக்காரர் அந்தந்த ஆண்டின் ஒயினைச் சுவைத்துப் பார்த்து முடிவெடுப்பார்: இந்த ஆண்டு துவர்ப்பு அதிகம், முட்டை போடலாம்; போன ஆண்டு தேவைப்படவில்லை. எதையும் லேபிளில் எழுதமாட்டார். சூப்பர்மார்க்கெட்டுக்கு லட்சக்கணக்கில் பாட்டில் அனுப்பும் நிறுவனமோ வாடிக்கையாளர் கேட்கிறார் என்று மொத்தமாகக் களிமண்ணுக்கும் பட்டாணிக்கும் மாறி, குறியும் வாங்கி வைத்திருக்கும். பிரிட்டனின் கோ-ஆப் கடைகள் தங்கள் சொந்த ஒயின்களின் பின் லேபிளில் இந்த விவரத்தை வெகுநாளாகத் தந்துவருகின்றன. பெரிய தயாரிப்பாளர்களில் ஆஸ்திரேலியாவின் யலும்பா, சிலியின் எமிலியானா இரண்டும் வீகன் என்று வெளிப்படையாகச் சொல்பவை. தேடலை அங்கே தொடங்கலாம்.

ஆர்கானிக் என்ற சொல்லும் உங்களுக்கு உதவாது. ஐரோப்பிய ஆர்கானிக் ஒயின் விதிகள் ஜெலட்டினையும் ஐசிங்கிளாஸையும் அனுமதிக்கின்றன. ஆர்கானிக்கின் ஒரு தனி வகையான பயோடைனமிக் இன்னும் வேடிக்கை: அதற்குச் சான்று தரும் டிமீட்டர் அமைப்பின் முத்திரை பெற்ற தோட்டத்தில் மாட்டுக் கொம்புக்குள் சாணத்தை அடைத்து மண்ணில் புதைத்து எடுப்பார்கள். அதே டிமீட்டர் விதி ஒயின் அறைக்குள் ஜெலட்டினையும் ஐசிங்கிளாஸையும் தடுக்கிறது, வெள்ளைக்கருவை அனுமதிக்கிறது. ‘வடிகட்டாதது’ என்பதையும் ‘தெளிவூட்டாதது’ என்பதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முன்னது ஃபில்டர் பற்றியது, நமக்குச் சம்பந்தமில்லை. பிரெஞ்சு பாட்டிலில் ‘நோ(ன்) கோலே’ (non collé) என்று இருந்தால்தான் தெளிய வைக்க எதையும் போடவில்லை என்று பொருள்.

இனி பெட்டி. பாட்டில் ஒன்றுக்கு 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ். 12 பாட்டில் என்றால் அறுபது. பதினாறு பேருக்குத் தாராளம். வண்டி ஓட்ட வேண்டியவர்கள் இருப்பார்கள், மிஞ்சும்.

உங்கள் சாப்பாட்டில் புளி இருக்கும், மிளகாய் இருக்கும். இந்த இரண்டையும் வைத்துத்தான் நான் ஒயினைத் தேர்வேன். காரத்தோடு டானினும் அதிக ஆல்கஹாலும் சேர்ந்தால் வாய் எரியும். புளிப்புள்ள குழம்புக்குப் புளிப்பில்லாத ஒயின் சப்பென்று இருக்கும். கடைக்காரர் ‘விருந்துக்கு’ என்று நீட்டும் 14.5 சதவீத ஆல்கஹால் உள்ள ஷிராஸ் என்ற கனமான சிவப்பு ஒயின், வத்தக்குழம்பின் எதிரில் தோற்றுப்போகும். ஆகவே பாதிப் பெட்டியையாவது வெள்ளைக்குக் கொடுங்கள்.

மூன்று பாட்டில் ஜெர்மன் ரீஸ்லிங். மோசல் பகுதியின் காபினெட் வகை லேசான இனிப்பும் நல்ல புளிப்புமாக, 8 அல்லது 9 சதவீத ஆல்கஹாலில் கிடைக்கும். காரத்துக்கு அதைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது. ஆனால் ஜெர்மனியில் ஜெலட்டினையும் சிலிக்கா கரைசலையும் சேர்த்துப் போடும் பழக்கம் உண்டு, எனவே குறி பார்த்தே எடுங்கள். புளிப்பான இன்னொரு வெள்ளையில் மூன்று: நியூசிலாந்து சாவின்யோன் பிளாங்க், அல்லது போர்ச்சுகலின் வின்யோ வெர்தே. ரோஸே ஒன்று அல்லது இரண்டு. வெளிறிய ரோஸேக்களில் நிறத்தைச் சரிக்கட்டக் கேசினும் ஐசிங்கிளாஸும் புகுந்துவிடுவதுண்டு, அழகான நிறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம்.

வரவேற்புக்கு நுரைக்கும் ஒயின் இரண்டு, ஸ்பெயினின் காவா அல்லது பிரான்ஸின் கிரேமான். பாட்டிலுக்குள் இரண்டாம் முறை நொதித்து வரும் கசடைக் கழுத்துக்கு இறக்கி அகற்ற இப்போது பெரும்பாலும் பெண்டோனைட்டோ, கடற்பாசியிலிருந்து வரும் அல்ஜினேட்டோதான். கேள்வி அதற்கு முந்தைய மூல ஒயினைப் பற்றியது. அதை எப்படித் தெளிய வைத்தார்கள் என்று கேட்க வேண்டும். வடை, பஜ்ஜிக்கு இதுதான் பொருத்தம். எண்ணெய்ப் பசையை நுரை அறுத்துவிடும்.

சிவப்பில் இரண்டு போதும். டானின் குறைவான காமே அல்லது லேசான பினோ நுவார் எடுத்து, பரிமாறும் முன் அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். கத்திரிக்காய்ப் பொரியலோடு ஒத்துப்போகும். மிஞ்சிய ஓரிடத்தில் போர்ட் (போர்ச்சுகலின் இனிப்பான, கனமான ஒயின்) வைக்க ஆசை என்றால், வின்டேஜ் போர்ட் தெளிவூட்டாமல் பாட்டிலில் அடைக்கப்படுவது, கசடு அடியிலேயே இருக்கும். மலிவான ரூபி, டானி வகைகளுக்கு அந்த உறுதி இல்லை.

கடையில் தயாராகக் கட்டி வைத்திருக்கும் ‘வெஜிடேரியன் கேஸ்’ வாங்கினால் சிறு எழுத்தைப் படியுங்கள். ஒரு ஒயின் தீர்ந்துபோனால் ‘அதே தரத்தில் வேறொன்று’ அனுப்புவோம் என்று இருக்கும். அதே தரம் என்றால் விலையும் ரகமும்தான், அதில் மீன் இருக்கிறதா என்பது அவர்கள் கணக்கில் வராமல் போகலாம். மாற்று அனுப்ப வேண்டாம், அல்லது வீகன் மட்டுமே அனுப்புங்கள் என்று ஆர்டரின் குறிப்பில் எழுதிவிடுங்கள். நீங்களே பொறுக்கிக் கட்டும் பெட்டிக்கும் ஆறு, பன்னிரண்டு பாட்டில் தள்ளுபடி பல கடைகளில் உண்டு. நான் அதையே செய்வேன்.

குறி இல்லாத பாட்டிலுக்குக் கடைக்கு எழுதும்போது “இது சைவமா?” என்று கேட்காதீர்கள், “ஆமாம்” என்று முட்டையோடு பதில் வரும். ஒயினின் பெயரையும் ஆண்டையும் குறிப்பிட்டு, “இந்த ஆண்டு ஒயினில் ஜெலட்டின், ஐசிங்கிளாஸ், முட்டை, கேசின் இவற்றில் எது பயன்படுத்தப்பட்டது?” என்று கேளுங்கள். தயாரிப்பாளரைக் கேட்டுச் சொல்ல ஒரு வாரம்கூட ஆகலாம், அதனால் இப்போதே எழுதுங்கள். பார்னிவோர் என்ற இணையப் பட்டியலில் பல தயாரிப்பாளர்களின் பதில்கள் தொகுக்கப்பட்டிருக்கின்றன. பார்க்கலாம், ஆனால் எந்த ஆண்டு வந்த பதில் என்று கவனியுங்கள். பெட்டி வந்து சேர்ந்ததும் பாட்டிலில் உள்ள ஆண்டும் நீங்கள் விசாரித்த ஆண்டும் ஒன்றுதானா என்று சரிபாருங்கள். வேறாக இருந்தால் அந்தப் பாட்டிலை விருந்தில் திறக்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.