டம்பார்ட்டன் ஊரின் போக்ஹெட் மைதானம்

கேள்வி: இப்போது இல்லாத பழைய கால்பந்து மைதானங்களில் உங்கள் மனத்தில் நிற்பது எது?

போக்ஹெட். ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றோடு லீவன் ஆறு கலக்கும் இடத்தில் இருக்கும் டம்பார்ட்டன் என்ற சிறிய ஊரின் மைதானம் அது.

ஸ்காட்டிஷ் லீக்கை வென்ற அணிகளின் பட்டியலை முதன்முறை பார்த்தபோது, கிளாஸ்கோ நகரின் பெரிய அணிகளான ரேஞ்சர்ஸ், செல்டிக் என்று நீளும் வரிசையின் தலையில் இந்த ஊரின் பெயர் இருந்தது. அச்சுப்பிழையோ என்று நினைத்தேன். பிழை இல்லை. 1890-91இல் நடந்த முதல் லீக்கில் டம்பார்ட்டனும் ரேஞ்சர்ஸும் தலா 29 புள்ளிகள் பெற்றன. பட்டம் யாருக்கு என்று முடிவுசெய்ய இன்னோர் ஆட்டம் வைத்தார்கள். அதுவும் 2-2. பட்டத்தை இரு அணிகளும் பகிர்ந்துகொண்டன. மறு ஆண்டு டம்பார்ட்டன் யாருக்கும் பங்கு தராமல் தனியாகவே வென்றது!

அந்த அணி 1879 முதல் ஆடிய இடம் போக்ஹெட். டம்பார்ட்டன் அப்போது கப்பல் கட்டும் ஊர்; புகழ்பெற்ற 'கட்டி சார்க்' கப்பல் அங்கேதான் கட்டப்பட்டது. 1893இல் ஸ்காட்லாந்தில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்க அனுமதி வந்தது. பெருநகரக் கிளப்புகளின் பணத்துக்கு ஈடுகொடுக்க இவ்வூரால் எப்படி முடியும்? 1897இல் டம்பார்ட்டன் லீக்கிலிருந்தே வெளியேறியது. திரும்பி வர 1906 ஆயிற்று.

போக்ஹெட்டின் பெருமையெல்லாம் அதன் முதல் பதின்மூன்று ஆண்டுகளோடு முடிந்தது என்றுதான் வரலாறு எழுதுபவர்கள் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். போக்ஹெட்டில் மிகப் பெரிய கூட்டம் கூடியது அந்தப் பொற்காலத்தில் அல்ல, 1957 மார்ச்சில். ரெய்த் ரோவர்ஸுக்கு எதிரான கோப்பை ஆட்டத்துக்கு 18,001 பேர் வந்தார்கள். இன்று ஊரின் மொத்த மக்கள்தொகையே ஏறக்குறைய 20,000தான். பட்டம் போய் அறுபத்தைந்து ஆண்டுகள் ஆன பிறகும் வந்தார்களே, அந்தக் கூட்டத்தைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன். கிளப்பின் நூற்றாண்டான 1972இல் அணி மீண்டும் முதல் பிரிவுக்கு உயர்ந்தது. 1980இல் உலகப் புகழ்பெற்ற நெதர்லாந்து ஆட்டக்காரர் யோஹான் கிரைஃபையே ஒப்பந்தம் செய்ய முயன்றார்கள். அவர் வரவில்லை, ஆனால் கேட்கும் துணிவு அந்த ஊருக்கு இருந்தது.

121 ஆண்டுகளுக்குப் பின், 2000இல் போக்ஹெட் மூடப்பட்டது. அணி அவ்வாண்டு டிசம்பரில் ஊரின் கோட்டை நிற்கும் பாறையின் அடிவாரத்தில் எழுந்த புதிய மைதானத்துக்குப் போனது. பழைய புல்தரையின் மேல் இப்போது வீடுகள் நிற்கின்றன.