சோப்பு போன்ற மூலக்கூறு புற்றுநோயை அழிக்குமா?

கேள்வி: சோப்பு மாதிரியான மூலக்கூறோடு உலோகத்தைச் சேர்த்தால் புற்றுநோய் செல்கள் சாகும் என்று படித்தேன். உண்மையா?

பதில்: ஆய்வுக்கூடத் தட்டில் வளர்க்கும் செல்களில் உண்மைதான், ஆனால் நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தாக இன்னும் ஆகவில்லை. உலோகம் மருந்தாவது புதிதில்லை. பிளாட்டினம் உள்ள சிஸ்பிளாட்டின் 1978-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்று, விரைப்புற்றுநோய் சிகிச்சையையே மாற்றிப்போட்டது. ஆனால் அது சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கும், சில கட்டிகள் அதற்குப் பழகியும் விடும், அதனால்தான் வேறு உலோக மருந்துகளுக்கான இந்தத் தேடல்.

இங்கே என்ன செய்கிறார்கள் என்றால், கோபால்ட், தாமிரம் போன்ற உலோக அயனியோடு 12 அல்லது 16 கார்பன் கொண்ட நீளமான வாலை இணைக்கிறார்கள். உலோகம் இருக்கும் பக்கமான தலை தண்ணீரை விரும்பும், வால் கொழுப்பை விரும்பும். செல்லின் சவ்வும் கொழுப்புதானே, அதனால் வால் அதற்குள் எளிதாக நுழைந்துவிடும். நேர்மின்னூட்டமுள்ள தலை, எதிர்மின்னூட்டமுள்ள டிஎன்ஏவோடு ஒட்டிக்கொள்ளும். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது!

சிக்கலும் அதே வால்தான். அது நல்ல செல்லின் சவ்வையும், ரத்த சிவப்பணுவையும்கூடக் கிழிக்கலாம். அதனால் இதை நம்பி நடக்கிற சிகிச்சையைத் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்.