மூளையில் அடிபட்டால் குணம் மாறுமா? சில கேள்விகளும் பதில்களும்

பக்கவாதமும் தலைக்காயமும் வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: தோசைக்கல்லில் விரல் பட்டதும் கை தானாக விலகிவிடுகிறது. வலி அப்புறம்தான் தெரிகிறது. ஏன் அக்கா?

கையை இழுக்கும் முடிவை மூளை எடுப்பதில்லை, தம்பி. விரலிலிருந்து போகும் செய்தி கழுத்துப் பகுதியில் உள்ள தண்டுவடத்தைத் தொட்டதுமே, அங்கிருந்தே கைத் தசைக்கு உத்தரவு போய்விடும். மூளைக்குத் தகவல் பிறகுதான் வரும். வலியும் இரண்டு தவணையாக வருவதைக் கவனித்திருப்பீர்கள். முதலில் 'சுரீர்', கொஞ்சம் கழித்து எரிச்சல். எரிச்சலைக் கொண்டுபோகும் மெல்லிய நரம்பிழைகள் நொடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர் வேகத்தில்தான் கடத்தும். தசையை இயக்கும் தடித்த நரம்புகளோ 50 மீட்டருக்கும் மேல்.

ஆனால் கொதிக்கிற பால் பாத்திரத்தைத் தூக்கிவிட்டால் கீழே போடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு மேடை வரை கொண்டுபோய் வைக்கிறோம் அல்லவா? அங்கே மூளை தண்டுவடத்தை அடக்கி வைக்கிறது.

கேள்வி: மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம் என்பது உண்மையா?

இல்லை. உடல் எடையில் 2 சதவீதம் இருக்கும் மூளை, ஓய்வில் உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. சும்மா கிடக்கும் உறுப்புக்கு உடம்பு இவ்வளவு சோறு போடாது.

கேள்வி: அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. இலையில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "கறி வைக்கவில்லையா" என்று கேட்கிறார். கறி இடப்பக்கம்தான் இருக்கிறது. கண் டாக்டர் பார்வையில் குறை இல்லை என்கிறார். பிடிவாதமா?

பிடிவாதமே இல்லை, அம்மா. உங்கள் அம்மாவுக்கு வலப்பக்க மூளையில்தான் பாதிப்பு இருந்திருக்கும். கண் பார்க்கிறது, ஆனால் 'இடது' என்று ஒரு பக்கம் இருப்பதையே மூளை கணக்கில் எடுப்பதில்லை. தலையில் வலப்பக்கம் மட்டும் சீவிக்கொள்பவர்களை, சட்டையின் இடக்கையைப் போடாமலே எழுந்து வருபவர்களை நிறைய பார்த்திருக்கிறேன். நமக்கு முதுகுக்குப் பின்னால் இருப்பது எப்படியோ, அவர்களுக்கு இடப்பக்கம் அப்படி.

இலையின் இடது ஓரத்தில் பளிச்சென்று ஒரு சிவப்பு ரிப்பன் வையுங்கள். "சிவப்பைத் தேடுங்கம்மா, அங்கிருந்து சாப்பிடத் தொடங்குங்கள்" என்று ஒவ்வொரு வேளையும் சொல்லுங்கள். பேசும்போது இடப்பக்கம் உட்கார்ந்து பேசுங்கள். முதல் சில மாதங்களில் பலருக்கு நல்ல முன்னேற்றம் தெரியும்.

கேள்வி: அப்பா ஆறு மாதம் முன் பைக்கில் விழுந்தார், நெற்றியில் பலத்த அடி. இப்போது நடக்கிறார், பேசுகிறார். ஆனால் அவ்வளவு சாந்தமான மனிதர், காபியில் சர்க்கரை குறைந்தால் டம்ளரை வீசுகிறார். "வேண்டுமென்றே செய்கிறார்" என்று அம்மா அழுகிறார்.

இந்தக் கேள்வியைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கோபம் எல்லோருக்கும் வரும். டம்ளரைத் தூக்குவதற்குள் 'வேண்டாம்' என்று கையைப் பிடிப்பது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை. அதற்கு அடியில் மண்டையோடு கரடுமுரடாக இருக்கும். வேகத்தில் போய்த் தலை மோதி நிற்கும்போது மூளை அந்த எலும்பில் உரசிக் காயப்படும். காலும் நாக்கும் சரியாகிவிட்டதால் ஆள் முழுதாகத் தேறிவிட்டார் என்று வீட்டில் நினைக்கிறார்கள். பிரேக் மட்டும் பழுது.

அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் 1848 செப்டம்பர் 13 அன்று, ரயில் பாதைக்குப் பாறை உடைத்த மேஸ்திரி பினியாஸ் கேஜின் கன்னத்தில் புகுந்த 6 கிலோ இரும்புக் கம்பி, முன்மூளையைத் துளைத்து உச்சந்தலை வழியாக வெளியேறியது. பிழைத்துக்கொண்டார். ஆனால் பொறுப்பான அந்த ஆள், வாய்க்கு வந்தபடி திட்டுபவராக மாறினார். "இவர் பழைய கேஜ் இல்லை" என்றார்கள் நண்பர்கள். பலரும் கதையை இங்கே நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியம் அதற்குப் பிறகு நடந்தது. அவர் சிலி நாட்டுக்குப் போய், பல வருடம் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார். தினமும் அதே வேலை, அதே ஒழுங்கு. அந்த ஒழுங்குதான் அவரைத் தாங்கியது என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு.

அதனால் அப்பாவுக்கு எழும் நேரம், காபி, நடை, தூக்கம் எல்லாம் ஒரே அட்டவணையில் நடக்கட்டும். டிவி சத்தத்தைக் குறையுங்கள். கோபம் வந்த நேரத்தில் நியாயம் பேசாதீர்கள், பக்கத்து அறைக்குப் போய்விடுங்கள். நரம்பியல் டாக்டரிடம் கோபத்தைப் பற்றித் தனியாகச் சொல்லுங்கள், அதற்கும் மருந்தும் பயிற்சியும் உண்டு. புதிதாகத் தலைவலி, வாந்தி, அதிகத் தூக்கம் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அம்மாவிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: சர்க்கரை நோயால் தாத்தாவின் காலை எடுத்துவிட்டார்கள். இல்லாத கட்டைவிரல் அரிக்கிறது என்கிறார்.

கால் போனாலும் மூளையில் அந்தக் காலுக்கான இடம் அப்படியே இருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் விஞ்ஞானி வி.எஸ். ராமச்சந்திரன் இதற்குக் கண்ணாடியைக் கையாண்டார். இருக்கிற காலின் பிம்பம் இல்லாத காலின் இடத்தில் தெரியும்படி கண்ணாடியை வைத்து, காலை அசைக்கச் சொல்வோம். பலருக்கு வலி தணிகிறது, எல்லோருக்கும் இல்லை. முதலில் வெட்டிய இடத்தில் புண் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அக்கா, இலை பற்றிக் கேட்டவள்தான். இடப்பக்கம் உட்கார்ந்தால் அம்மா என்னைத் தேடவே இல்லை, அழுகை வந்துவிட்டது.

சரி, நேர் எதிரில் உட்காருங்கள். கையைப் பிடித்துக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள். அவர் கண் உங்கள் மேல் நின்றதும், பேசிக்கொண்டே நாற்காலியைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்துங்கள். கண் விட்டுப்போனால் திரும்ப நடுவுக்கு வாருங்கள். இன்றைக்கு ஒரு சாண் நகர்ந்தால் போதும்.