வெளிமாநில கார் வாங்கலாமா? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: பெங்களூருவில் ஒருவரிடம் 2019 மாடல் பெட்ரோல் கார் பேசி, அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். ஆர்.சி.யில் இன்னும் பேங்க் பெயர் இருக்கிறது, லோன் முடிந்துவிட்டது என்கிறார். புரோக்கரோ, "12 மாசம் கே.ஏ. நம்பரிலேயே ஓட்டலாம், பேரை அப்புறம் மாத்திக்கலாம்" என்கிறார். அப்படிச் செய்யலாமா?
- வாசகி, கோவை

பதில்: வேண்டாம் சகோதரி. புரோக்கர் இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புகிறார். மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆவது பிரிவு சொல்லும் 12 மாதம் நம்பருக்கு மட்டும்தான், அதாவது வெளிமாநில வண்டி அதற்கு மேல் இங்கே இருந்தால் டி.என். நம்பர் வாங்கியே ஆக வேண்டும். பெயர் மாற்றம் 50-ஆவது பிரிவில் வருகிறது, அதற்கு வாங்கியவருக்கு 30 நாள்தான் கெடு. இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுத 14 நாள். இதை விற்பவரிடமும் சொல்லுங்கள், அவருக்கும் நல்லதுதான்: ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, வண்டி நாலு கை மாறியிருந்தாலும் சரி.

முதல் வேலை பேங்க் பெயரை எடுப்பது. லோன் முடிந்ததற்கு பேங்க் தரும் கடிதம் மட்டும் போதாது, படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யிலேயே நீக்க வேண்டும். அப்புறம் என்.ஓ.சி., அதாவது வண்டியை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக ஆட்சேபணை இல்லை என்று அந்த ஊர் ஆர்.டி.ஓ. தரும் சான்று. இதற்குப் படிவம் 28, விண்ணப்பிக்க வேண்டியவர் விற்பவர், எந்த ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு வண்டி போகிறது என்பதையும் அதில் எழுத வேண்டும். படிவத்தில் சேஸிஸ் நம்பரின் (வண்டியின் உடலில் பொறித்திருக்கும் அடையாள எண்) பென்சில் பதிவு கேட்பார்கள். நம்பர் பொறித்த இடத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, மெல்லிய தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எழுத்து ஒவ்வொன்றாக எழும்பி வரும். அப்போது நீங்களும் பக்கத்திலேயே நின்று ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பாக்கி சலான் இருந்தாலும் என்.ஓ.சி. நின்றுவிடும், அதை மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் முன்னாடியே பார்த்துவிடலாம்.

என்.ஓ.சி. கைக்கு வரும்வரை முழுப் பணத்தையும் கொடுக்கவே கொடுக்காதீர்கள். என் தம்பி இதே மாதிரி ஒரு வண்டிக்கு மொத்தப் பணத்தையும் கொடுத்து ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். விற்றவர் வேலைக்கு வெளிநாடு போய்விட்டார், ஓ.டி.பி. எல்லாம் அவருடைய பழைய மொபைல் நம்பருக்குப் போகிறது, அந்த சிம் உயிரோடு இல்லை. ஏழு மாதம் வண்டி வீட்டு வாசலில் தார்ப்பாய் போட்டு நின்றது. அம்மா தினமும் அதைச் சுற்றிக் கோலம் போடுவார், பார்க்கவே வயிறு எரியும்.

இங்கே வந்ததும் என்.ஓ.சி.யோடு படிவம் 27, 29, 30 கொடுத்து வண்டியை ஆய்வுக்குக் காட்ட வேண்டும். பெரிய செலவு ஆயுள் வரிதான். 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் புது காருக்கு விலையைப் பொறுத்து 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பழைய வண்டிக்கு வயது ஏற ஏற இது குறையும், ஆனாலும் கணிசமான தொகைதான், விலை பேசும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கர்நாடகத்தில் ஏற்கெனவே கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கானதை, டி.என். ஆர்.சி. வந்த பிறகு அங்கே விண்ணப்பித்துத் திரும்பக் கேட்கலாம். அந்தப் பணம் யாருக்கு என்பதை விற்பனைக் கடிதத்தில் இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள். புது நம்பர் வந்ததும் ஃபாஸ்டேக், நம்பர் பிளேட், இன்சூரன்ஸ் எல்லாவற்றிலும் மாற்ற வேண்டும்.

கேள்வி: டெல்லியில் 2014 மாடல் டீசல் கார் பாதி விலைக்குக் கிடைக்கிறதே, வாங்கலாமா?
- வாசகர், மதுரை

பதில்: 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு அங்கே 2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது, அதனால்தான் இந்த விலை. நம் ஊரில் முதல் பதிவிலிருந்து 15 வருடம், அதாவது 2029 வரை ஓட்டலாம். அதற்குப் பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய் கட்டணம், எஃப்.சி., பசுமை வரி எல்லாம் இருக்கிறது. லாரியில் ஏற்றி வரும் செலவு, ஆயுள் வரி இரண்டையும் கூட்டிப் பார்த்தால் பாதி விலை பாதியாக இருக்காது. வண்டி நல்ல நிலையில் இருந்து, விலையும் உங்களுக்குக் கட்டுப்படியானால் வாங்குங்கள். ஆனால் டெல்லியில் பதிவையே ரத்து செய்த வண்டிகளும் நிறைய. பரிவாஹனில் நம்பரைப் போட்டுப் பாருங்கள், ஆக்டிவ் என்று வராவிட்டால் அட்வான்ஸ்கூடக் கொடுக்க வேண்டாம்.