மார்ச்சில் தருமபுரி மலைகளில் ஏறலாமா? வழியில் தண்ணீர் கிடைக்குமா?

கேள்வி இதுதான்: "மார்ச் கடைசியில் நண்பர்களோடு தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மலையேற வரலாம் என்று இருக்கிறோம். பாதைகள் எப்படி இருக்கும்? வழியில் தண்ணீர் கிடைக்குமா?"

கேட்டவர் பெங்களூரில் இருப்பவர் என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பி, சனிக்கிழமை ஏறி, ஞாயிற்றுக்கிழமை தொப்பூர் தாண்டாமல் திரும்பிவிடும் கணக்கு. நாலு பேர், ஒரு கார், புது ஷூ. தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள், ஆனால் என் மச்சினன் வந்ததும் இப்படித்தான்.

நேரடிப் பதில்: காட்டுப் பாதை என்றால் மாசி, பங்குனியில் வேண்டாம். தண்ணீர் கிடைக்காது.

இதோடு நிறுத்தியிருப்பேன். "தண்ணீர் கிடைக்குமா" என்று கேட்டதில்தான் மாட்டிக்கொண்டேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது கொஞ்சம் பொல்லாத வார்த்தை. சினிமாவில் மந்திரி வேடம் போட்டவர் அதிகாரியைப் பார்த்து "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்பார் பாருங்கள், அந்தக் காடு எங்கள் ஊர்தான் என்று நாங்களே எடுத்துக்கொள்வோம்.

என் அப்பா புளி வியாபாரி. பெரிய மண்டியெல்லாம் இல்லை. மரத்தைக் குத்தகைக்குப் பேசி, உலுக்கி, மூட்டை கட்டித் தருமபுரிக்குக் கொண்டுவந்து விற்பவர். புளி பழுப்பது சரியாக மாசி, பங்குனியில்தான். அதனால் எனக்கு மலைப்பாதை என்றாலே அந்த மாதங்கள்தான் ஞாபகம். வத்தல்மலைக்கு அப்போது தார் ரோடு கிடையாது. கொமத்தம்பட்டி அடிவாரத்தில் இருந்து நடைதான். பத்து வயதில் அப்பாவின் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டு ஏறியிருக்கிறேன். பாதி தூரத்தில் ஒரு சுமைதாங்கிக் கல். தலைச்சுமையை அடுத்தவர் உதவி இல்லாமல் இறக்கி வைக்க, ஆள் உயரத்துக்கு ரெண்டு கல்லை நட்டு மேலே ஒரு பலகைக்கல் போட்டிருப்பார்கள். அங்கிருந்து இடது கைப்பக்கம் திரும்பினால் ஒரு ஊத்து. பங்குனியிலும் கசியும். அப்பா பூவரச இலையில் அள்ளிக் கொடுப்பார்.

அந்தத் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும். எங்கள் மாவட்டத்தில் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் புளோரைடு அதிகம், பாறையில் இருந்து கரைந்து வருவது. பால்பல் விழுந்து முளைக்க வேண்டிய பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும்போதே கறை ஏறிவிடும். பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. என் முன்பல் ரெண்டிலும் குறுக்கே காப்பிக் கலரில் கோடு. சென்னையில் கல்லூரி சேர்ந்த முதல் வாரம், "பான்பராக்கா மச்சி?" என்று கேட்டவனுக்கு என்ன பதில் சொல்வது? கல்யாண ஃபோட்டோவில்கூட வாயை மூடிக்கொண்டுதான் நிற்கிறேன். ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்தது. என் பிள்ளைகளுக்குப் பல் வெள்ளை. எனக்கு அது ரொம்பத் தாமதம். மலையில் ஊத்துத் தண்ணீர் குடித்து வளர்ந்த என் வயதுக்காரர்கள் சிரித்தால் பளிச்சென்று இருக்கும். சின்ன வயதில் எனக்கு அதில் பொறாமை. நாமும் தினம் இதைக் குடித்திருந்தால் என்று தோன்றும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2021 மார்ச். மச்சினன் வீட்டிலிருந்து வேலை என்று பாலக்கோட்டில் மாமனார் வீட்டில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய அலுவலக நண்பர்கள் ரெண்டு பேர் பெங்களூரில் இருந்து வந்தார்கள். சாப்பாட்டின்போது அவர்களில் ஒருவர், "சார், உங்க பக்கம் எல்லாம் வறட்சிதானே, மலையில பார்க்க என்ன இருக்கு?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. "நாளைக்கு வாங்க, பங்குனியிலயும் தண்ணி வர்ற ஊத்து காட்டறேன்" என்று வாயைக் கொடுத்தேன்.

முதல் தப்பு: ஏறத் தொடங்கும்போது மணி ஒன்பதரை. இட்லி, வழியில் ஒரு பஞ்சர், எல்லாம் சேர்ந்து. ரெண்டாவது தப்பு: ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டில்தான். மேலேதான் ஊத்து இருக்கிறதே!

மூன்றாவதுதான் பெரிய தப்பு. நான் அந்தப் பாதையில் கடைசியாக நடந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ரோடு வந்த பிறகு மலை ஜனம் ஏன் நடக்கப் போகிறது? கால் படாத பாதை ரெண்டே மழையில் காடாகிவிடும். முதல் அரை மணி நேரம் தடம் தெளிவாக இருந்தது, ஆடு மேய்ப்பவர்கள் உபயம். அப்புறம் உண்ணிச்செடி. ஆள் உயரப் புதர், பக்கவாட்டில் பின்னிக்கொண்டு, குனிந்து நுழைந்தால் சட்டையைப் பிடித்து இழுக்கும். நடுநடுவே சூரைமுள். எந்த இடைவெளியைப் பார்த்தாலும் பாதை மாதிரியே தெரியும். பத்தடி போனால் முட்டுச்சந்து.

சறுக்கலைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியூர்க்காரர்கள் மழைக்காலத்தில்தான் வழுக்கும் என்று நினைக்கிறார்கள். எங்கள் காடு இலையுதிர் காடு. தையில் உதிரத் தொடங்கி, பங்குனியில் மரமெல்லாம் மொட்டை. நிழல் கிடையாது, அந்த நிழலெல்லாம் கீழே சருகாகக் கிடக்கும், சில இடத்தில் கணுக்கால் ஆழத்துக்கு. அதற்கு அடியில் சரளைக் கல். சருகின் மேல் கால் வைத்தால் ஷூவின் பல் மண்ணைத் தொடவே தொடாது, சருகோடு சேர்ந்து மொத்தமாகக் கீழே போகும். ஏறும்போது பரவாயில்லை. இறங்கும்போது மச்சினனின் நண்பர் மூன்று முறை உட்கார்ந்தார்; மூன்றாவது முறை உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது.

சுமைதாங்கியைக் கண்டுபிடித்தேன். புதருக்குள் ஒரு கால் சாய்ந்து, பலகைக்கல் மண்ணில் கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து அந்தப் பையன்கள் பயந்துவிட்டார்கள். இடது கைப்பக்கம் திரும்பினோம். ஊத்து இருந்த இடமும் இருந்தது. தாம்பாளத் தட்டு அளவுக்குக் கருஞ்சேறு. பன்றி கிளறிய தடம். சேற்றின் விளிம்பில் வரிசையாக இருபது முப்பது மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள், றெக்கையை மூடிக்கொண்டு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு குளம்புப் பள்ளத்தில் மட்டும் ரெண்டு ஸ்பூன் தண்ணீர், அதிலும் தேனீக்கள் மொய்த்துக் கிடந்தன.

"மாமா, ஊத்துன்னீங்களே?" என்றான் மச்சினன். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு அவர் ஏதாவது சொல்லியே இருக்கலாம்.

அப்போது மணி பன்னிரண்டு. பாட்டில்கள் காலி. திரும்பலாம் என்று நிற்கும்போது புகை வாசனை. எங்கே என்று தெரியவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. 2018 மார்ச் 11 தேனி குரங்கணியில் நடந்தது ஞாபகம் இருக்கும். தீயில் சிக்கி 23 பேர் போனார்கள். இதே பருவம், இதே மாதிரி காய்ந்த புல். போதைப்புல் ஆள் உயரத்துக்குக் காய்ந்து நிற்கும் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனுஷன் ஓட முடியாது, ஏனென்றால் சூடு முன்னாலேயே போய் மேலே இருக்கிற புல்லைக் காயவைத்துத் தயாராக வைத்துவிடும். தீ கீழே இருந்தால் மேலே ஓடக்கூடாது என்று படித்திருக்கிறேன். ஆனால் புகை எந்தப் பக்கம் என்றே தெரியாவிட்டால் எந்தப் பக்கம் ஓடுவது?

அந்த நேரத்தில்தான் தலையில் புளிச்சாக்கோடு ஒரு அம்மா வந்தார். அறுபது வயது இருக்கும். எங்களைப் பார்த்ததும் முதல் கேள்வி, "பீடி சிகரெட்டு எவனாவது பத்த வச்சீங்களா?" இல்லை என்று நாலு பேரும் ஒரே குரலில் சொன்னோம். புகை அடுத்த மடிப்பில் யாரோ கொல்லையில் சருகு கொளுத்துவது என்றார். "ரோட்டுல வண்டி ஓடுது, இங்க எதுக்குப்பா வந்து சாவறீங்க?" என்று திட்டிக்கொண்டே இடுப்பில் கட்டியிருந்த பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலை நீட்டினார். ஆளுக்கு ரெண்டு மடக்கு. பிறகு அவர் முன்னால் நடக்க, பின்னால் போனோம். பத்தே நிமிஷத்தில் தார் ரோடு. நாங்கள் ரெண்டு மணி நேரம் புதரில் முட்டிக்கொண்டிருந்த இடத்துக்கும் அவர் தினம் போகும் தடத்துக்கும் நூறடிகூட இருக்காது.

அவர் ரப்பர் செருப்புதான் போட்டிருந்தார். ஆனால் ஒன்றைக் கவனித்தேன்: சருகு உள்ள இடத்தில் காலை நேராக வைக்கவில்லை. கோழி கிளறுகிற மாதிரி முன்காலால் ஒரு சீய்ப்பு சீய்த்து, மண் தெரிந்த பிறகு மிதிக்கிறார். அதற்காக ஷூ வேண்டாம் என்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். ஷூ போடுங்கள், சீய்த்தும் மிதியுங்கள்.

வீட்டுக்கு வந்து ரெண்டு வாரம் சொறிந்தோம். காய்ந்த புல்லில் இந்த மாதங்களில் உண்ணிக்குஞ்சு கடுகைவிடச் சின்னதாக இருக்கும். சாக்ஸ் ஓரம், இடுப்புப் பட்டை, எங்கே இறுக்கமோ அங்கே கடிக்கும். என் வீட்டுக்காரி தம்பிக்கு மட்டும் வேப்பிலை அரைத்துக் கொடுத்தாள், எனக்கு இல்லை.

இப்போது நியாயவான்களுக்கு. "அனுமதி வாங்கினீர்களா?" இல்லை. ஊர் ஜனம் நடந்த வழிதானே என்ற நினைப்பு. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் போவது சட்டப்படி குற்றம், குரங்கணிக்குப் பிறகு மலையேற்றத்துக்கு என்றே விதிகளும் வந்துவிட்டன. நான் செய்தது தப்புதான், அதை மறைக்க இதை எழுதவில்லை. இன்னொரு கூட்டம் வரும், "மலைக்காரர்கள்தான் காட்டைக் கொளுத்துகிறார்கள்" என்று. எங்களைப் பார்த்ததும் பீடியைப் பற்றிக் கேட்டது யார் என்று மேலே போய்ப் படித்துக்கொள்ளட்டும்.

உங்கள் திட்டத்துக்கு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அரசே நடத்தும் ட்ரெக் தமிழ்நாடு வழி ஒன்று குத்திராயன் சிகரத்துக்கு இருக்கிறது. இணையத்தில் பதிவு, கூடவே உள்ளூர் வழிகாட்டி. அந்தத் திட்டத்தில் 2024-இல் நாற்பது வழிகளோடு தொடங்கினார்கள். ஆனால் மறு வருஷமே பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீப்பருவம் என்று மூடினார்கள். ஆக மார்ச்சில் நீங்கள் கேட்டாலும் கதவு சாத்தியிருக்கவே வாய்ப்பு. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கமெல்லாம் காவிரி வடக்கு சரணாலயம், யானைக்காடு. கோடையில் தண்ணீர் எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கேதான் யானையும் நிற்கும். "ஓடை வழியாகப் போனால் தண்ணீர் கிடைக்கும்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

மார்ச்சில்தான் லீவு என்றால் தீர்த்தமலைக்குப் போங்கள். அரூரில் இருந்து பக்கம். படிக்கட்டு வழி, தொலைந்துபோக முடியாது. மேலே ராம தீர்த்தம் பாறை உச்சியில் இருந்து சொட்டிக்கொண்டே இருக்கும், கோடையில்கூட நான் நனைந்திருக்கிறேன். (ஆமாம், தண்ணீர்தான். குறித்துக்கொள்ளுங்கள்.) கையில் வாழைப்பழம் தெரிகிற மாதிரி வைக்காதீர்கள், குரங்கு பிடுங்கிவிடும். ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி கோட்டை மலைகளும் ஏறலாம், பெரும்பாலும் பாறை என்பதால் தீ பயம் குறைவு. ஆனால் ஒன்பது மணிக்கெல்லாம் பாறை தோசைக்கல் ஆகிவிடும். விடியலில் ஏறி எட்டுக்குள் இறங்கிவிட வேண்டும். ஆளுக்கு மூன்று லிட்டர்.

வத்தல்மலைதான் வேண்டும் என்றால் ரோட்டில் வண்டியிலேயே போங்கள். பெரியூரில் இறங்கிக் காப்பித் தோட்டம், சில்வர் ஓக் நிழல் எல்லாம் பாருங்கள். நடக்கத்தான் ஆசை என்றால் வடகிழக்குப் பருவமழை தணிந்து, கார்த்திகைக் கடைசியில் இருந்து தை வரை. அப்போது அந்த ஊத்தில் தண்ணீர் இருக்கும். நான் மறுபடி போய்ப் பார்த்தேன், வண்டியில் போய், பாதை தெரிந்த ஆளோடு.

வரும்போது புதுப்புளி வாங்கிக்கொள்ளுங்கள். பங்குனியில் ரோட்டோரம் ஓடு தட்டிக்கொண்டிருப்பார்கள். செம்பழுப்பாக, பிசுபிசுவென்று இருந்தால் இந்த வருஷத்துப் புளி. கறுத்திருந்தால் பழசு. கொட்டை எடுக்காததாக வாங்கினால் விலை குறைவு. வீட்டில் எடுத்துக்கொள்ளலாம், பெரிய வேலை இல்லை.